பிரெஞ்சு ஒயின்: மரபுகளும் தர அளவுகளும்

பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் புட்டிகளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருப்பதில்லை. விளைந்த ஊரின் பெயரே இருக்கும். ஒரே வகைத் திராட்சை மண்ணும் தட்பவெப்பமும் மாறும்போது வேறு சுவை தருகிறது என்பது அந்நாட்டாரின் நீண்டகால அனுபவம்.

செய்முறையின் அடிப்படை எங்கும் ஒன்றே. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. கருந்திராட்சையைத் தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின் கிடைக்கும். நிறமும் துவர்ப்பும் பெரிதும் தோலிலிருந்து இறங்குபவை. தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை ஒயின்.

அட்லாண்டிக் கரையை ஒட்டிய போர்தோ வட்டாரம் கலப்பு மரபுக்குப் பேர்போனது. அங்கு ஓடும் ஆற்றின் இடக்கரையின் சரளை மண்ணில் கபர்னே சோவின்யோன் செழிக்கிறது; வலக்கரையின் களிமண்ணில் மெர்லோ. முன்னது உறுதியும் துவர்ப்பும் தரும், பின்னது மென்மை தரும். விளைச்சலைப் பார்த்து ஆண்டுதோறும் கலக்கும் அளவை மாற்றுவார்கள். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக இங்குள்ள சிவப்பு ஒயின் தோட்டங்கள், சந்தை விலையை வைத்து ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டன. லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதற்படி பெற்றன. 1973இல் மூத்தோன் ரோட்ஷீல்டு இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏறியது. தோட்டம் கைமாறினாலும் விரிந்தாலும் படி மாறுவதில்லை. இந்தப் பட்டியலின் பெருங்குறை இதுதான்.

பர்கண்டி இதற்கு நேர்மாறு. அங்கே கலப்பு அரிது: சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. தரப்படி உரிமையாளருக்கு அல்ல, நிலத்துக்கே உரியது. வட்டாரம், கிராமம், பிரெமியே க்ரூ, க்ராண் க்ரூ என்று படிகள் உயர்கின்றன. சிஸ்டர்சியன் துறவிகள் இடைக்காலத்தில் உருவாக்கிய க்ளோ த வூஜோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். ஒரே மதிலுக்குள் இன்று பல பத்து உரிமையாளர்கள் பயிரிடுகிறார்கள். எல்லோர் புட்டியிலும் அதே க்ராண் க்ரூ பெயர்தான், ஆனால் சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும். பர்கண்டியின் இந்த நிலப் பகுப்பு 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஷாம்பெய்ன் வட்டாரத்தின் தனிச்சிறப்பு, புட்டிக்குள்ளேயே நடக்கும் இரண்டாம் நொதிப்பு. அதில் எழும் வாயு வெளியேற வழியின்றி ஒயினில் கரைந்து குமிழிகளாகிறது. ஆண்டு குறிக்கப்படாத ஷாம்பெய்னுக்குக்கூடக் குறைந்தது 15 மாத முதிர்வு கட்டாயம்.

இம்மரபுகளுக்குச் சட்டக் காப்பு கிடைத்தது ஒரு பேரழிவுக்குப் பின்தான். 1860களில் பரவத் தொடங்கிய ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. பற்றாக்குறையில் போலி ஒயின் பெருகியது. 1907இல் தெற்குப் பகுதி உழவர்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தனர். ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரில் 1920களில் பாரன் லெ ருவா முன்னின்று வகுத்த விதிகள் வழிகாட்ட, 1935இல் தோற்றப்பெயர்ச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சையை, எவ்வளவு விளைச்சலுக்கு மிகாமல் பயிரிட வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது.

இச்சட்டம் ஒயினின் பிறப்பிடத்துக்கும் முறைக்கும் உறுதி தருகிறது, சுவைக்கு அல்ல. எனவே புதிதாக வாங்குவோர் ஊர்ப்பெயரோடு தயாரிப்பாளரின் பெயரையும் பார்த்து வாங்குவதே நல்லது.