தோழியும் பட்டியலும்

1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மயிலாப்பூரில் இருந்த பெண்கள் காப்பகத்துக்குப் போய் இரத்தம் எடுத்துவந்தார். அங்கே இருந்தவர்கள் பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தக் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாட்டுக்கே தெரியவந்தது அப்போதுதான். அறிவியலுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. பெண்களுக்கோ, கிருமி இருக்கிறது என்று தெரிந்தபின் வெளியே விடாமல் அடைத்துவைத்த காலம் அதைத் தொடர்ந்து வந்தது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே காப்பகத்தின் கதவு திறந்தது.

பூட்டிவைத்து நோயைத் தடுக்க முடியாது என்பதை இந்தியா கற்றது கொல்கத்தாவின் சோனாகாச்சியில். 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா அங்கே பாலியல் தொழிலாளிகளையே பயிற்றுவித்து, அவர்கள் கையிலேயே ஆணுறையையும் ஆலோசனையையும் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பெண்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்று தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். பின்னால் மைசூரில் அசோதயா சமிதி அதே வழியில் நடந்தது. தமிழ்நாட்டில் 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு, அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்தது. 2003-க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டப் பணமும் சேர்ந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் சோனாகாச்சி இல்லை. இங்கே தெரு, லாட்ஜ், பேருந்து நிலையம், வாடகை வீடு, இப்போது கைப்பேசி என்று தொழில் சிதறிக் கிடக்கிறது. பகலில் வேறு வேலை, வீட்டில் பிள்ளைகள், அக்கம்பக்கத்தில் இன்னொரு பெயர். இப்படி மறைந்து வாழும் பெண்ணை எந்த அரசு ஊழியராலும் கண்டுபிடிக்க முடியாது. அவளைப் போலவே வாழ்ந்து, இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஒரு தோழியால் முடியும். குடித்துவிட்டு வரும் ஆளிடம் ஆணுறையைப் பற்றி எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது, எந்த லாட்ஜில் அடி விழும், எந்த மருத்துவமனையில் கூட்டத்தின் நடுவே உரக்கக் கேள்வி கேட்பார்கள் என்பதெல்லாம் அந்தத் தோழிக்குத் தெரியும். பரிசோதனைக்குக் கூடவே போய், முடிவு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இந்த முறையின் பலம் முழுவதும் அந்த உட்கார்ந்திருத்தலில்தான் இருக்கிறது. நாட்டில் பெண் பாலியல் தொழிலாளிகளிடையே 2003-இல் பத்து சதவீதத்தைத் தொட்ட எச்.ஐ.வி., 2017-இல் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2004 முதல் தாம்பரம் போன்ற அரசு மருத்துவமனைகளில் கிடைத்த இலவசக் கூட்டு மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் தோழி இல்லாமல் இந்த இறக்கம் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

இதே முறை சறுக்கும் இடங்களும் உண்டு. வாடிக்கையாளரிடம் ஆணுறை வேண்டும் என்று கறாராக நிற்கும் பெண், காதலனிடமோ கணவனிடமோ அதைக் கேட்பதில்லை. கேட்டால் அது சந்தேகம், அல்லது தன் தொழிலை ஒப்புக்கொள்வது. பயிற்சி வகுப்புகள் இந்த இடத்துக்கு வந்ததும் தடுமாறுகின்றன.

மற்ற பால்வினை நோய்களில் பிரச்சினை இன்னும் ஆழமானது. வெள்ளைப்படுதல், புண், அடிவயிற்று வலி என்று அறிகுறியைக் கேட்டு, அதற்குரிய நிறப் பெட்டியிலிருந்து மருந்து கொடுப்பதே நடைமுறை. சாம்பல் நிறப் பெட்டியில் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இருக்கும். ஆய்வகம் இல்லாத இடத்தில், ஒரே வருகையில் சிகிச்சை முடிந்துவிடுவது பெரிய வசதி. ஆனால் வெட்டை நோயும் கிளமிடியாவும் பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. வெள்ளைப்படுதலோடு வருகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டுமே இருப்பதில்லை. நோய் உள்ளவள் மருந்தில்லாமல் திரும்புகிறாள், இல்லாதவள் ஆன்டிபயாடிக் விழுங்குகிறாள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல், வசதி உள்ள இடங்களில் மூலக்கூறு பரிசோதனை செய்தே மருந்து கொடுக்கச் சொன்னது. அந்தப் பரிசோதனைதான் தோழி அழைத்துப்போகும் சின்ன கிளினிக்குக்கு அவசரமாக வரவேண்டியது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது தோழி வைத்திருக்கவேண்டிய பெயர்ப் பட்டியல். ஏறத்தாழ அறுபது பெண்களுக்கு ஒரு தோழி. ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு உடல் பரிசோதனை, ஆண்டுக்கு இருமுறை எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனை, இத்தனை ஆணுறை. கணக்கு சரியாக இருந்தால்தான் தொண்டு நிறுவனத்துக்கு அடுத்த தவணைப் பணம். தோழியின் பொழுது பதிவேட்டை நிரப்புவதிலேயே கழியத் தொடங்கினால், முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இப்போது கையெழுத்துக்குத் துரத்துகிறவள் ஆகிவிடுகிறாள். போலீசார் ரெய்டில் பையைக் கொட்டி ஆணுறையைச் சாட்சியமாகக் காட்டிய நாட்டில், பட்டியலில் பெயர் ஏறுவதே ஒரு பயம். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கருதக்கூடாது என்று சொல்ல 2022 மே மாதத்து உச்ச நீதிமன்ற ஆணை வரவேண்டியிருந்தது. அதே பட்டியல் சோறும் போட்டது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், பாலியல் தொழிலாளிகளுக்கு அடையாளச் சான்று கேட்காமல் உலர் உணவுப் பொருள் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அவர்களை அடையாளம் காட்டும் பொறுப்பைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் சட்டப்பணிகள் ஆணையங்களிடமும்தான் கொடுத்தது.

இந்தத் தோழி முறையைப் பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் ஊர்களுக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும்? தோணிரேவு போன்ற ஒரு சிற்றூரை வரைபடத்தில் வட்டமிட்டு ‘இங்கே இத்தனை பேர்’ என்று எழுத நான் மாட்டேன், எந்தத் திட்டமும் எழுதக்கூடாது. அப்படி எழுதினால் கரையில் மீன் பிரிப்பவள், பனையோலைக் கூடை முடைபவள் என்று ஊரின் எல்லாப் பெண்கள் மேலும் அந்தப் பேச்சு விழும். நகரத்தில் தோழிக்குக் கூட்டத்தின் மறைவு இருக்கிறது. குப்பத்தில் ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்கு இரண்டு முறை போனாலே ஏன் என்று கேட்பார்கள்.

இத்தகைய திட்டங்களைக் குறிக்கும் ‘சமூகம் சார்ந்த’ என்ற சொல்லே இங்கு வேறு பொருள் கொள்கிறது. ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டை மீனவர் சமூகம் தானே நடத்திவருகிறது. அரசு நுழையாமல் ஊரே நடத்தும் நிர்வாகத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்தப் பங்கு தலைக்கட்டுக் கணக்கில் வருவது, தலைக்கட்டு என்றால் ஆண். சோனாகாச்சியில் சமூகம் என்றால் அந்தப் பெண்களே. குப்பத்தில் சமூகம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து. பஞ்சாயத்தாரிடம் இந்தத் திட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பெண் அஞ்சுகிறாளோ அவர்களிடமே அவளை ஒப்படைப்பதாகும்.

ஆகவே இத்தகைய ஊர்களுக்கு, யாரையும் தனியே பிரித்துக் கேட்காத பரிசோதனைதான் பொருந்தும். அதற்கு முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. கருவுற்ற பெண் யாராக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனை உண்டு. எல்லோருக்கும் எடுப்பதால் யார் மேலும் கண் விழுவதில்லை. கருவுறாத பெண்ணுக்கும், பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்கும் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வரும் எல்லாப் பெண்களுக்கும், அவர்களைக் கேட்டுவிட்டு, அதே ஊசியில் எடுக்கும் இரத்தத்தில் இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துச் செய்யலாம்.