பெட்டிக்குள் இருக்கிறதா பேஸ்?

திருப்பூர்ப் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் பொங்கல் என்றால் ஓர் இரவு மெல்லிசைக் கச்சேரி நிச்சயம். அப்படி ஒரு கச்சேரி முடிந்ததும், பேஸ் கிதார் வாசித்த இளைஞர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். பகலில் அவருக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை.

"சார், பதினெட்டாயிரம் போட்டு ஒரு பெடல் வாங்குனனுங்க. ராஜா சார் பாட்டுல வர்ற பேஸ் அப்படியே வரும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ரூம்ல வாசிச்சா வருதுங்க. மேடைல வரமாட்டேங்குதுங்க. தப்பு எங்கீங்க சார்?"

பெடலுக்கான தவணை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமைச் சம்பளத்திலும் ஒரு பங்கு அதற்குப் போகிறது. எனவே இதை ஒரு இசை ரசிகரின் பொழுதுபோக்குச் சந்தேகம் என்று தள்ளிவிட முடியாது. புகழ்பெற்ற ஒருவரின் ஒலியைக் கருவிகள் கொண்டு மறுபடி உண்டாக்க முடியுமா? முடியுமென்றால் எவ்வளவு தூரம்? பௌதிகம் இதற்கு விடை சொல்லும். அந்த விடையைக் கொண்டு இன்றைய மெல்லிசை மேடைகளையும் சற்றே விமர்சிக்கலாம்.

எதை நகல் எடுக்கிறோம்?

இசையொலிக்கு உரப்பு, சுருதி, பண்பு என்று மூன்று இயல்புகள் உண்டு எனப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரே சுருதியில் வீணையும் நாகசுரமும் ஒலித்தாலும் இது வீணை, இது நாகசுரம் என்று பிரித்தறிய உதவுவது பண்பு. இசைக்காரர்கள் இதையே 'டோன்' என்கிறார்கள்.

நான்கு நரம்பு பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த நரம்பு வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஆனால் அது 41 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. இவற்றைச் சீரிசைகள் என்கிறோம். எந்தச் சீரிசை எவ்வளவு வலிமையோடு எழுகிறது, எது விரைவில் அடங்குகிறது, எது நீடிக்கிறது என்பதே பண்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒருவரின் டோனை நகலெடுப்பதென்றால், அவருடைய சீரிசைகளின் விகிதத்தை நகலெடுக்க வேண்டும். அந்த விகிதம் எங்கே பிறக்கிறது?

முதல் கருவி விரல்

1800இல் தாமஸ் யங் ஒரு விதியைச் சொன்னார். நரம்பை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு அமையும் சீரிசைகள் பிறக்க மாட்டா. நரம்பின் நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைச் சீரிசைகள் இல்லாமல் போகும். ஒலி குழிவாகக் கேட்கும். பாலத்தை ஒட்டி மீட்டினால் உயர் சீரிசைகள் மிகுந்து ஒலி கூர்மையாகும். விரல் நுனியின் சதை அகலமானது. அது உயர் சீரிசைகளை மழுங்கடிக்கும். பிளெக்ட்ரம் என்னும் சிறு தகட்டின் முனை கூரியது. அது அவற்றைத் தூண்டிவிடும்.

இந்த விதியை நம் நாட்டுக் கருவிகளில் சோதித்தவர் சர் சி. வி. ராமன். தம்புராவிலும் வீணையிலும் யங் விதி பொய்த்துப்போவதை 1921இல் அவர் எடுத்துக்காட்டினார். அவற்றின் பாலம் வளைந்த பரப்புடையது. அதிரும் நரம்பு அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுவதால், இருக்கக்கூடாத சீரிசைகளும் எழுகின்றன. தம்புராவின் ரீங்காரம் அப்படிப் பிறப்பதே. பேஸ் கிதாரை ஓங்கி மீட்டும்போது நரம்பு உலோக மெட்டுகளில் உரசி எழுப்பும் 'கர்' என்ற ஒலியும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அந்த 'கர்' ஒலிக்கு உலகப் புகழ் பெற்றவர், இங்கிலாந்தின் 'யெஸ்' ராக் குழுவில் வாசித்த கிறிஸ் ஸ்கொயர் (1948–2015). அவர் தமது ரிக்கன்பேக்கர் கிதாரின் ஒலியை இரண்டாகப் பிரித்தார். தாழ்ந்த பகுதியை ஒரு பெருக்கிக்கும், உயர்ந்த பகுதியை இன்னொரு பெருக்கிக்கும் அனுப்பினார். உலகெங்கும் அவரைப் பின்பற்றுவோர் அதே கிதாரையும் அதே பெருக்கிகளையும் தேடி அலைகிறார்கள். ஆனால் அவர் புது நரம்பைப் பிளெக்ட்ரம் கொண்டு மீட்டியதும், அதே கணத்தில் கட்டைவிரலின் ஓரம் நரம்பைத் தொட்டதும் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்காவின் மோட்டௌன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். பெரும்பாலும் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். நரம்புகள் பழையவை, மாற்றவே மாட்டார். பாலத்தருகே ஒரு பஞ்சுத் துண்டு. அங்கே கிதாரின் ஒலி பெரும்பாலும் நேராக ஒலிப்பதிவுப் பலகைக்கே போனது. அவர் டோனைத் தேடிப் பெருக்கிக் கடைக்குப் போனால் என்ன கிடைக்கும்?

பெட்டி எதைச் செய்யும்?

பெட்டி பொய் சொல்கிறது என்று நான் கூறவில்லை. அதன் எல்லையை அறிய வேண்டும் என்கிறேன்.

ஒலிபெருக்கிப் பேழை ஏறத்தாழ நேர்விகிதக் கருவி எனலாம். உள்ளீட்டை இரு மடங்காக்கினால் வெளியீடும் இரு மடங்காகும். ஒரே ஒரு கணத் துடிப்பை அதற்குள் செலுத்தி, வெளிவரும் ஒலியைப் பதிவு செய்துகொண்டால் போதும்; அந்தப் பேழையின் குணத்தைக் கணிப்பொறி அப்படியே பாவிக்கும். இன்றைய பெடல்கள் இதை மிக நன்றாகவே செய்கின்றன.

பெருக்கியின் கதை வேறு. அது தாங்கும் எல்லைக்கு மேல் மின்னழுத்தம் போனால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத சீரிசைகள் தோன்றும். ஓர் எளிய சைன் அலையைத் தலையும் அடியும் சமமாக வெட்டினால் 3, 5, 7 என்னும் ஒற்றைப்படைச் சீரிசைகள் சேரும். சமமின்றி வெட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகளும் சேரும். எவ்வளவு வெட்டுப்படும் என்பது உள்ளே வரும் அலையின் வீச்சைப் பொறுத்தது. வீச்சோ விரலின் வலிமையைப் பொறுத்தது. ஆகவே ஒருவர் திருகிய அளவுக்கே நாமும் குமிழைத் திருகினாலும், நம் கை வேறானால் ஒலியும் வேறாகும். பெடலும் பெருக்கியைத் திறமையாகவே பாவிக்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் உள்ளீடு நம் விரல் தருவதுதானே!

செவி எனும் கடைசிக் கருவி

"ரூம்ல வருதுங்க, மேடைல வரலீங்க" என்றாரே, அதற்கு விடை நம் சாயப்பட்டறைகளில் இருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் சாம்பிளோடு பொருந்திய துணி, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் வேறு நிறமாகத் தெரியும். அதனால்தான் பல வகை விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் வைத்து ஷேடு பார்க்கிறார்கள். ஓர் ஒளியில் பொருந்தியது எல்லா ஒளியிலும் பொருந்திவிடாது.

ஒலியிலும் அப்படியே. நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒன்றுபோல் உணர்வதில்லை. இதை அமெரிக்காவின் பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு உரப்பாகக் கேட்கிறதோ, அதே உரப்பு 50 ஹெர்ட்ஸில் கிடைக்க 75 டெசிபலுக்கு மேல் வேண்டும். அதாவது 35 டெசிபலுக்கு மேல் கூடுதல். ஆனால் 80 டெசிபல் ஒலிக்கு இணையாக 50 ஹெர்ட்ஸில் 100 டெசிபல் அளவே போதும். கூடுதல் சுமார் 20தான். உரப்பு ஏற ஏற, தாழ்ந்த ஒலிகள் தாமாகவே எடுப்பாகிவிடுகின்றன. அறையில் சிறிய சத்தத்தில் தாழ்ந்த ஒலியை ஏற்றி வைத்துப் பொருத்திய டோன், மேடையில் முழு உரப்பில் கொழகொழவென்று ஆவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இடம். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். கல்யாண மண்டபத்தின் சுவர்களுக்கிடையே இத்தகைய அலைகள் நிலை அலைகளாகி நிற்கும். ஓரிடத்தில் பேஸ் நெஞ்சை அதிரவைக்கும். இரண்டு மீட்டர் நகர்ந்தால் காணாமல் போகும். கோயில் திடலில் சுவர்கள் இல்லை. அங்கே கணக்கே வேறு.

எது அசல்?

இனி ஒரு சங்கடமான கேள்வி. நாம் நகலெடுக்க விரும்பும் அசல் எது? இளையராஜாவின் பாடல்களை நம்மில் பலர் முதலில் கேட்டது தேநீர்க் கடை டிரான்சிஸ்டரிலும் பனியன் கம்பெனி ரேடியோவிலும்தான். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலுக்கிடையே அது பாடிக்கொண்டிருக்கும். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக ஒலிக்க இயலாது. பேஸின் அடிப்படைச் சுரம் அங்கே காற்றில் இல்லவே இல்லை எனலாம். ஆயினும் பேஸின் நடையை நாம் கேட்டோம், முணுமுணுத்தோம். எப்படி?

205, 246, 287 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வந்தால், அவற்றிடையே உள்ள சம இடைவெளியான 41ஐச் செவியும் மூளையும் கண்டுகொண்டு, அதையே சுருதியாக உணர்கின்றன. இதை முதலில் சோதனை வழி ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் சீபெக், ஆண்டு 1841. ஆகவே நம் நினைவில் இருக்கும் அந்த 'ராஜா பேஸ்' ஒலிப்பதிவுக் கூடத்தில் பாதியும் நம் மூளையில் பாதியுமாக உருவானது. அதை எந்தக் கடையில் விலைக்கு வாங்குவது?

மேடைக்கு ஒரு விமர்சனம்

1976இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, பேஸ் கிதாருக்கு வெறும் அடித்தளம் இடும் வேலையை மட்டும் தரவில்லை. பாடகரின் மெட்டோடு உரையாடும் இன்னொரு மெட்டாகவே அதை எழுதினார். 'மூடுபனி' (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிதார் பாட்டையோ, 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாடல்களையோ மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அவர் சுரக்குறிப்பு எழுதித் தருபவர். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனைப் போன்றவர்களின் விரல்கள் அந்த எழுத்துக்கு உயிர் தந்தன.

அப்பாடல்களில் பேஸ் துலங்குவதற்கு அதன் டோன் மட்டும் காரணமன்று. அதைச் சுற்றி விடப்பட்ட இடமும் காரணம். தாழ்ந்த அதிர்வெண்களில் வேறு கருவிகள் வந்து மோதுவது குறைவு. நம் மெல்லிசை மேடையில் நடப்பதென்ன? கீபோர்டுக்காரரின் இடக்கை அதே தாழ்ந்த சுரங்களை அழுத்துகிறது. ரிதம் பேடின் 'தும்' ஒலி அதே இடத்தில் விழுகிறது. போதாததற்கு, ஒலியமைப்பாளர் பேஸ் குமிழை முழுவதும் திருகிவிடுகிறார். ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இரு ஒலிகள் வந்தால் வலியது மெலியதை மறைத்துவிடும் என்பது ஒலியியலின் பாலபாடம். பிறகு பேஸ்காரர் தம் டோனில் குறை கண்டு, சம்பளத்தை மிச்சம் பிடித்துப் பெடல் வாங்குகிறார். குழு முழுவதும் செய்யும் பிழைக்கு ஒருவர் மட்டும் தவணை கட்டுகிறார். இந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டவே இவ்வளவும் எழுத நேர்ந்தது.

செய்து பாருங்கள்

அந்த இளைஞரிடம் பெடலை விற்றுவிடச் சொல்லவில்லை. ஒரு மாதம் அதை அணைத்து வைக்கச் சொன்னேன். கைபேசியில் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டோம். நரம்பின் நடுவில் மீட்டினால் இரட்டைப்படைக் கோடுகள் குறுகுவதையும், பாலத்தருகே போகப்போக உயர்ந்த கோடுகள் எழுவதையும் அவரே பார்த்தார். "சுரமானியில படிச்சதுதானுங்களே சார் இது!" என்றார். ஆம், அதேதான். கிதார் இல்லாத மாணவர்கள் கல்லூரிச் சுரமானிக் கம்பியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்த கச்சேரியில், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் கீபோர்டின் இடக்கையை எடுத்துவிடும்படி நண்பரிடம் கேட்டுக்கொண்டார். ஒலியமைப்பாளரிடம் பேஸ் குமிழைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். பெடல் இல்லை, விரல் சற்றே கழுத்துப் பக்கம் தள்ளி மீட்டியது. அது சசிதரனின் டோன் அன்று. ஆனால் பேஸின் மெட்டு திடலின் கடைசி வரிசை வரை தெளிவாக வந்தது. என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் பாடகரை விட்டுவிட்டு, பேஸின் நடைக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பெடலுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி. அதை எங்கே, எவ்வளவு போடுவது என்பதை இனி அவருடைய செவியே முடிவு செய்யும்.