தால்சிம்மின் கை ஏன் நீளவில்லை?

ஃபைட்டிங் கேமில் ஒரு கதாபாத்திரத்தின் கதை அதன் உடம்பில் இருக்கிறது. நாலு ரவுண்டு ஆடினால் ஆள் யாரென்று நம் கைக்கே தெரிந்துவிடும். கேமைப் படமாக எடுப்பவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான்.

1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’வின் தால்சிம்மை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு. இந்தியன் என்றாலே வெளிநாட்டுக்காரன் வரையும் சாமியார் பொம்மை, பார்த்தால் கடுப்பாகும். ஆடினால் வேற ஆள். மெதுவானவன். கையையும் காலையும் நீட்டி எதிராளியைக் கிட்டவே விடமாட்டான். அவனை வைத்து ஜெயிக்கப் பொறுமை வேண்டும்.

1994இல் வந்த படம் அந்த வேஷத்தைக் கலைத்தது. ‘காந்தி’யில் நேருவாக நடித்த ரோஷன் சேத், இதில் வில்லனிடம் சிக்கிய விஞ்ஞானி தால்சிம். கண்ணியமான மாற்றம்தான். ஆனால் கை நீளவே இல்லை. கேலியை நீக்குகிற சாக்கில் அவனுடைய சண்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

2026க்கு அறிவிக்கப்பட்ட புதிய படத்தில் தால்சிம், வித்யுத் ஜம்வால். ‘துப்பாக்கி’ வில்லன் என்றால் எங்கள் அரூரில் எல்லாருக்கும் தெரியும். களரி பயின்றவர், நிஜமாகவே சண்டை தெரிந்தவர். என் பயமும் அங்கேதான். ஜம்வாலின் அழகு பாய்வதில் இருக்கிறது. தால்சிம்மின் அழகு தள்ளி நிற்பதில். கை நீள்வதை கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு சண்டையில் அவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஜெயிக்கட்டும், கேமைப் புரிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வேன்.