சிரட்டைக்குள் 25 சென்ட்

கம்பம் பள்ளத்தாக்குத் தோப்புகளில் எல்லாருக்கும் தேங்காய் மேல் கண். எனக்குச் சிரட்டை மேல்.

இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருக்கும் சிரட்டைக்கரியில் ஆறின துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஓரமெல்லாம் பொடிக் குமிழிகள் கிளம்பும். கரிக்குள் குடியிருந்த காற்று அது.

இதே கரிக்கு 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி காட்டினால் ஆக்டிவேட்டட் கார்பன். நீராவி கரியை அரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறும். அரித்த இடம் துளையாகும். கைப்பக்குவம் இங்கேதான். சூடு மிஞ்சினால் நீராவி உள்ளே போகுமுன் மேல்தோலிலேயே செலவாகிவிடும். துண்டு தேயும், உள்ளே துளை விழாது. முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்தால் கடைசிப் பந்திக்கு ஏது? உள்ளே பரவும் வேகத்துக்கும் வினை நடக்கும் வேகத்துக்குமான இந்தப் போட்டியை 1939-இல் எர்னஸ்ட் தீலி என்ற அமெரிக்கர் ஒற்றை எண்ணில் அடக்கினார். துளையுள்ள வினையூக்கி செய்பவர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

பதமாக வந்த கரியில் ஒரு கிராமுக்கு உள்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைக்குள்! தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் சிரட்டைக்கரியையே விரும்புகிறார்கள். உரசலில் எளிதில் பொடியாகாது.

வீட்டு வாட்டர் ஃபில்டரில் குளோரின் வாடையைப் போக்குவதும் பெரும்பாலும் இதுதான். அடுத்த முறை சிரட்டையைக் குப்பையில் எறியுமுன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.