விழுந்த மரத்துக்குக் கிண்ணம் போதுமா?

தென் லண்டனின் டூட்டிங் காமன் பசுவெளியில் செஸ்ட்நட் அவென்யூ என்றொரு நடைபாதை உண்டு. அதன் இரு மருங்கிலும் நின்ற 51 ஹோர்ஸ் செஸ்ட்நட் மரங்களை 2016இல் வாண்ட்ஸ்வொர்த் நகரசபை தறித்தது. மரங்கள் நலிந்துவிட்டன, கிளை முறிந்து ஆட்கள்மேல் விழக்கூடும் என்றது சபை. இன்னும் பல்லாண்டு நிற்கக்கூடிய மரங்களை ஏன் வெட்டுகிறீர்கள் என்று எதிர்த்து நின்றார்கள் ஊரவர் பலர். இன்று அதே இடத்தில் 64 லைம் மரங்கள் வளர்கின்றன. மரம் நிற்பதா, விழுவதா என்பதைச் சுற்றியே அன்று வாதம் நடந்தது. விழுந்த மரம் என்னவாக வேண்டும் என்ற கேள்விக்கும் அதே அக்கறை தேவை என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வி இனியும் வந்துகொண்டே இருக்கும். ஹோர்ஸ் செஸ்ட்நட்டின் இலையைத் துளைக்கும் சிற்றந்து பிரிட்டனில் முதன்முதலாக 2002இல் காணப்பட்டது டூட்டிங்குக்கு அடுத்த ஊரான விம்பிள்டனில்தான். ஆஷ் மரத்தைக் காயவைக்கும் பூஞ்சை நோய் 2012இல் நாட்டுக்குள் கண்டறியப்பட்டது. தெருவோரத்து லண்டன் பிளேன் மரங்களின் கிளைகளையும் ஒரு பூஞ்சை உலர்த்தி வீழ்த்துகிறது. வெட்டப்படும் கிளைகளில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே சிராயாக அரைபட்டு, செடியடிக்குப் போர்வையாகவோ கொதிகலனுக்கு எரிபொருளாகவோ போய்விடுகிறது.

அரைக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து கட்டைகளை மீட்டு, லேத்தில் ஏற்றிக் கிண்ணமும் சிமிழும் கடைபவர்கள் இங்கே பெருகிவருகிறார்கள். இத்தொழிலின் வேர் பழையது. லண்டன் கடைசல்காரர் சங்கத்துக்கு முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் பட்டயம் வழங்கினார். பொழுதுபோக்காகக் கடைபவர்களையும் சேர்த்துக்கொண்ட பிரிட்டானிய மரக்கடைசல் சங்கம் 1987இல் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயல் தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தை வீணாக்கக் கூடாது என்ற உணர்வை அந்த ஓர் இரவு பலருக்குள் விதைத்தது.

இந்தப் பழக்கத்தின் பலம் முதலில். மரக்காலைக்காரர் தொடாத கட்டைக்கு இது மதிப்புக் கொடுக்கிறது. பலகை அறுப்பவருக்கு நேரான, நீண்ட அடிமரம் வேண்டும். கவர் பிரியும் இடம், முண்டு, கோணல், ஒரு முழம்கூட வராத துண்டு எல்லாம் அவருக்குக் கழிவு. கடைபவருக்கோ அங்கேதான் அழகு தொடங்குகிறது. கவர்ப்பகுதியில் இழைகள் பின்னிப் பிணைந்து இறகுபோல் விரிகின்றன. பூஞ்சை ஏறத் தொடங்கிய பீச் கட்டையில் மையால் இழுத்தாற்போல் கருங்கோடுகள் ஓடுகின்றன. பிளேன் மரத்தை ஆரப்போக்கில் அறுத்தால் சல்லடை போன்ற புள்ளிகள் மின்னும்.

இரண்டாவது பலம், ஈரக்கட்டையையே வேலைக்கு எடுக்க முடிவது. பலகை உலர அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. கடைபவர் பச்சைக் கட்டையிலேயே தடித்த கிண்ணமொன்றைக் குடைந்து வைத்துவிடுவார். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்புச் சுவருக்கு விடுவது வழக்கம். சில மாதங்களில் அது காய்ந்து நீள்வட்டமாகக் கோணும், ஏனெனில் மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது ஆரத்தின் போக்கில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கோணியதை மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கினால் பிறகு அசையாது. மரத்தின் இயல்பைக் கையால் கற்க இதைவிட நல்ல பள்ளி குறைவு.

இனிக் குறைகள். முதலாவது, மீட்பு என்ற சொல்லுக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி. 30 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. உயரமும் உள்ள உருளைக் கட்டையின் கன அளவு சுமார் 10,600 கன செ.மீ. அதிலிருந்து ஒரு செ.மீ. சுவருள்ள அரைக்கோளக் கிண்ணம் கடைந்தால், கிண்ணமாக எஞ்சுவது சுமார் 1,320 கன செ.மீ. எட்டில் ஒரு பங்கு! மீதி ஏழு பங்கும் சீவலாகத் தரையில் கிடக்கும். அடிமரத்தை உருளையாக்க வெட்டிய ஓரங்களை இதில் நான் சேர்க்கவில்லை. சிராயாக அரைபடவிருந்த மரத்தைக் காப்பாற்றிப் பெரும்பாலும் சீவலாக்கிவிட்டு, மரத்துக்கு மறுவாழ்வு என்று விலைச்சீட்டில் எழுதுவது பாதி உண்மைதான்.

முன்னோர் இதைக் கவனித்திருந்தார்கள். பார்க்ஷையரின் பக்கிள்பரியில் வாழ்ந்து 1958இல் மறைந்த ஜார்ஜ் லெய்லி, காலால் மிதித்து இயக்கும் கழி லேத்தில் எல்ம் கட்டையைக் கடைந்தவர். கொக்கி உளியால் ஒரே கட்டைக்குள்ளிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களை அவர் பிரித்தெடுத்தார். அவருடைய லேத் இன்று ரெடிங் நகரிலுள்ள ஆங்கிலக் கிராம வாழ்வியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய மின் லேத்துக்கும் அப்படி உள்கிண்ணம் பிரிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. விலை கூடியவை, பழகவும் நாளெடுக்கும் என்பதால் பலர் அவற்றைத் தவிர்க்கிறார்கள். மரத்தின்மேல் பற்றுள்ளவர் தவிர்க்கக் கூடாத செலவு அது.

இரண்டாவது குறை உடல்நலம் பற்றியது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வன்மரத்தூளுக்கு பிரிட்டானியப் பணியிடங்களில் கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம் என்பதே சட்ட வரம்பு. தோட்டத்துக் கொட்டகையில் தனியாக உப்புத்தாள் பிடிப்பவர் சுவாசிக்கும் தூளை அளந்து பார்க்க எவருமில்லை. பூஞ்சை ஏறிய கட்டையின் தூள் நுரையீரலுக்கு மேலும் கெடுதி. பழைய வீட்டு மரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. டூட்டிங்கில் நூறாண்டு கடந்த வரிசை வீடுகளின் கூரையறை மாற்றப்படும்போது நல்ல பைன் உத்தரங்கள் வெளியே வருகின்றன. எடுத்துக்காட்டாக, இங்குள்ள டொட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் குடியிருப்பு 1901க்கும் 1911க்கும் இடையில் கட்டப்பட்டது. அக்காலத்து வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருப்பது இயல்பு. அந்தப் பூச்சு ஒட்டிய மரத்தைக் கடைந்தால் ஈயத்தூளைச் சுவாசிக்கிறோம். ஒளிந்திருக்கும் ஆணி, சுழலும் கட்டையைச் சிதறடிக்கவும் கூடும்.

மூன்றாவது குறையை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். விழுந்த மரம் எல்லாமே யாரோ மீட்கக் காத்திருக்கும் பொருள் என்ற நினைப்பு அது. தென்மேற்கு லண்டன், கலைமான் கொம்பு போன்ற தாடையுள்ள ஸ்டாக் வண்டுக்கு இந்நாட்டிலுள்ள முக்கியமான வாழிடங்களில் ஒன்று. அதன் புழுக்கள் மண்ணுக்குள் உக்கும் மரத்தைத் தின்று மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வளர்கின்றன. நமக்கு அழுகிய கட்டை, அதற்குப் பிள்ளைப்பருவம் முழுவதற்குமான உணவு. அழகான கோடுகளுக்காக உக்கத் தொடங்கிய கட்டையைத் தேடி அலைவது, அந்த உயிரின் சோற்றில் கைவைப்பதாகவும் ஆகலாம்.

இவற்றை எடைபோடும்போது என் மனம் அம்பாசமுத்திரத்துக்குப் போகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள அந்த ஊர்க் கடைசல் பட்டறைகளில் பிறந்த மரச்சொப்புச் சாமான்கள் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாக விளையாடியவை. அம்மி, உரல், குடம், திருகை எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். மஞ்சள் கடம்பு முன்பு பெரிதும் பயன்பட்டது. சுழலும் பொருளின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி நிறமும் காப்புமாகப் படியும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே வழிமுறை உண்டு. அங்கே வெட்பாலை மரத்தின் மெல்லிய தண்டுகளும் கிளைகளுமே போதும்.

பொருள் சிறியது, ஆகவே மரமும் சிறிது என்ற அந்தப் பொருத்தம் நகரத்தின் வெட்டுமரத்துக்கு மிகவும் ஏற்றது. நகரசபையின் வண்டியில் நிறைவது பெரும்பாலும் கிளைகள்தான். பம்பரம், சதுரங்கக் காய், பிடி, குமிழ், சிமிழ் ஆகியவற்றுக்கு அந்தப் பருமன் போதும். பம்பரத்தின் உள்ளே குடைவதும் இல்லாததால் கட்டையில் கூடிய பங்கு பொருளிலேயே நிற்கும். நடுத்தண்டோடு காயும் கிளை வெடிக்கும் என்பது உண்மை. நெடுக இரண்டாகப் பிளந்து, நுனிகளை மெழுகால் அடைத்து, நிழலில் மெல்ல உலர்த்தினால் பெருமளவு தப்பும். அகன்ற கிண்ணமே கடைபவரின் திறமைக்கு அளவுகோல் என்ற இன்றைய ரசனை மாறவேண்டும். பெரிய அடிமரத்தைக் குடைந்து தள்ளும் பெருமையைவிட, யாரும் மதிக்காத கிளையில் ஒரு நேர்த்தியான சிமிழ் எடுப்பது பெரிய திறமை.

ஆகவே என் தீர்ப்பு இது. மீட்ட மரத்தில் கடைவது நல்ல தொழில், ஆனால் வரிசையில் அது மூன்றாவது. நேரான, உறுதியான அடிமரம் முதலில் பலகைக்குப் போகட்டும். மேசையாகவும் இருக்கையாகவும் அது நீண்டகாலம் உழைக்கும். உக்கத் தொடங்கியது வண்டுக்கும் காளானுக்கும் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். கவரும் முண்டும் குறுந்துண்டும் கிளையும் கடைபவருக்கு. இந்த வரிசையைக் காப்பவர் தன் கிண்ணத்தை மீட்ட மரம் என்று தயங்காமல் சொல்லலாம். நல்ல அடிமரத்தை எடுத்து எட்டில் ஏழு பங்கைச் சீவலாக்குபவருக்கு அந்த உரிமை இல்லை.

டூட்டிங்கில் தோட்டமுள்ள நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு மரத்தை வெட்ட ஆள் கூப்பிடும்போது, அரைக்கும் இயந்திரம் வருவதற்கு முன்பே பேசுங்கள். எது பலகைக்கு, எது கடைசலுக்கு, எது வேலியோரத்தில் கிடக்க என்று பிரித்துச் சொல்லுங்கள். கடைசலுக்கு ஒதுக்கிய துண்டின் இரு நுனியிலும் அன்றைக்கே மெழுகு பூசுங்கள். தாமதித்தால் நுனி வெடித்து, விறகுக்கு மட்டுமே உதவும்.