இறுகக் கட்டும் கலை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாளுக்கு முந்தைய வாரங்களில், தஞ்சை, திருவாரூர் வட்டாரத்து வாய்க்கால்களைத் தூர்வார வரும் பொக்லைன் எந்திரங்களுள் இரும்புத் தடத்தில் ஊர்பவை, சாலையில் நெடுந்தொலைவு செல்வதற்கு ஏற்றவை அல்ல என்பதால், தரையை ஒட்டித் தாழ்ந்த தளமுடைய 'லோ பெட்' டிரெய்லரில் கொண்டுவரப்படுகின்றன. ஏறத்தாழ 20 டன் எடையுள்ள எந்திரம் சாய்தளத்தில் ஏறும் காட்சியே கூட்டத்தை ஈர்க்கிறது. ஆயினும் கைத்திறன் முழுவதும் அதன்பின் வரும் கட்டுதலில்தான் இருக்கிறது. எடை அச்சுகளின்மேல் சீராகப் பரவும் இடத்தில் எந்திரத்தை நிறுத்தி, 'பூம்' எனப்படும் நெடுங்கையைத் தாழ்த்தி வாளியைத் தளத்தில் படியவைத்து, மேலுடல் சுழலாதவாறு பூட்டி, அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் சங்கிலிகளைச் சாய்வாக இழுத்து, 'பைண்டர்' என்னும் இறுக்கியால் தொய்வை நீக்குவர். திடீரென பிரேக் போடும்போது சுமை முன்னோக்கியே பாயும் என்பதாலும், இரும்பின்மேல் இரும்பு எளிதில் வழுக்கும் என்பதாலும், தளத்தில் மரப்பலகை பதித்து, திருவாரூர் ஆழித்தேரின் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையைப் போலத் தடத்துக்கும் கட்டை கொடுப்பதுண்டு. சற்றுத் தொலைவு ஓடியபின் அதிர்வால் சங்கிலி தளரும். அப்போது வண்டியை ஓரங்கட்டி மறுபடி இறுக்குவதைச் சலிப்பாகக் கருதாதவரே தேர்ந்த தொழிலாளர். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்கு அடியில் உதவியாளர் இறங்கி முன்னே நடந்து வழிகாட்டுவார். மதகுப் பாலம் அவ்வளவு பாரம் தாங்காது எனத் தோன்றினால், எந்திரத்தை அங்கேயே இறக்கிக் கரையோரமாக ஓட்டிச் செல்வர்.