ஊசி வரையும் ஓவியம்

தையல் என்னும் சொல் பெண்ணையும் குறிக்கும். ஊசித் தொழிலையும் குறிக்கும். அத்தொழிலுக்குத் துன்னம் என்பது பழம்பெயர். புகார் நகரத்துத் தொழில்வல்லாரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள் துன்னகாரரையும் மறவாது சேர்த்துள்ளார்.

பொருநராற்றுப்படையில் இருவகைத் துணிகளை அடுத்தடுத்துக் காண்கிறோம். கரிகாலனை நாடி வந்த பொருநன் உடுத்திருந்தது, வேர்வையில் நனைந்து வேற்று நூலால் ஒட்டிட்ட கந்தை. அதனை நீக்கி மன்னன் அளித்ததோ, இழை சென்ற வழி கண்ணுக்குப் புலனாகாத, பாம்பின் சட்டை போன்ற, பூவேலை அமைந்த ஆடை. மானம் காக்கும் துணிக்கும் மனம் மகிழ்விக்கும் துணிக்கும் இடையே எத்துணைத் தொலைவு! அத்தொலைவைப் பேராக் மாநிலத் தமிழர் மூன்று தலைமுறைகளில் கடந்துள்ளனர். சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் சாக்குத் துணியையும் உடுத்த நேர்ந்த தோட்ட மக்களின் வழிவந்த பெண்கள், இன்று ஆரி வேலைப்பாடு நிறைந்த இரவிக்கையுடன் மணவறையில் அமர்கின்றனர்.

ஆரி என்பது நுனியில் கொக்கியுள்ள ஊசி. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கீழே ஒரு கை நூலைப் பிடிக்க, மேலிருந்து மறு கை ஊசியை இறக்கி நூலைக் கண்ணியாக இழுக்கும். கண்ணிக்குள் கண்ணி புகுந்து சங்கிலியாக வளரும். அதனோடு மணியும் சரிகையும் சேரும். ஒரு கை காணாததை மறு கை அறிந்து செய்யும் அருந்தொழில் இது. வீட்டிலிருந்தே வருவாய் தேடப் பெண்களுக்கு வழிசெய்வதும் இதன் சிறப்பு.

எனினும், ஈப்போ லாகாட் சாலைப் பக்கத்துக் கடைகளில் தொங்கும் இரவிக்கைகளை ஊன்றி நோக்குவார்க்கு இரண்டு குறைகள் புலப்படும். ஒன்று, வெற்றிடம் விடாமல் மணிகளை அப்புதல். மணிகளின் எண்ணிக்கையே அழகின் அளவாகிவிட்டது. மற்றொன்று, எங்கு நோக்கினும் அதே மயில், அதே யானை, அதே மாங்காய். மயிலை நாம் வெறுக்கவில்லை. அது நம் மரபின் பறவையே. ஆனால், பிறர் வரைந்த தாளிலிருந்து படியெடுத்த மயில், பார்த்து வரைந்த மயிலாகுமா?

ஈப்போவிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டா. கோலகங்சாரில் மலாய்ப் பெண்கள் தெக்காட் என்னும் பொன்னிழை வேலையை வளர்த்தனர். வெல்வெட்டுத் துணியின்மேல் வெட்டிய அட்டையை வைத்துப் பொன்னிழையை அதன் குறுக்கே இருபுறமும் ஓட்டி, விளிம்புதோறும் அடியிலிருந்து வரும் நூலால் கட்டுவர். பொன்னிழை துணியைத் துளைப்பதில்லை. மேலேயே புடைத்து நிற்கும். சுற்றிலும் கருமையோ செம்மையோ வெறுமையாக இருத்தலால் பொன் ஒளிர்கிறது. மூங்கிற் குருத்தும் கொடியும் பூவும் அவர்கள் முற்றத்தில் கண்டவை. நீலகிரித் தோடரும் அவ்வாறே. வரைபடமின்றி இழைகளை எண்ணியே செந்நூலாலும் கருநூலாலும் அவர்கள் செய்யும் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. எருமைக் கொம்பும் மலையும் அவ்வேலையில் உருவம் பெறுகின்றன.

நம் முற்றத்தில் இருந்தது என்ன? ரப்பர் மரம். தெக்காட் வளர்ந்த அதே கோலகங்சாரில்தான் 1877இல் ரப்பர்க் கன்றுகள் ஒன்பது நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் நிற்கிறது. ஒரு காம்பில் மூன்றாய்ப் பிரியும் இலை, புள்ளிகள் படர்ந்த விதை, பட்டையில் சாய்ந்திறங்கும் வெட்டுக்கோடு, அதன் முடிவில் பாலேந்தும் மங்கு: இவை நம் முன்னோர் விடியற்காலையில் நாள்தோறும் கண்டவை. எனினும் நம் ஊசி இவற்றை வரையக் காண்பது அரிது. உழைப்பின் சின்னத்தை மணக்கோலத்தில் அணிவது இழிவு என்னும் எண்ணம் காரணமாக இருக்கலாம். அவ்வெண்ணம் நீங்க வேண்டும். ஒட்டிட்ட கந்தையைப் பாட்டில் வைக்கப் பொருநராற்றுப்படைப் புலவர் நாணவில்லையே!

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன, லயங்கள் மறைந்தன. பாட்டிமார் பெட்டியில் பூத்தையலிட்ட தலையணை உறையோ மேசை விரிப்போ எஞ்சியிருப்பின், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களும் ஓவிய வகுப்பில் மாங்காயோடு ரப்பர் இலையையும் மாணவரை நேரில் பார்த்து வரையச் செய்க. அவ்விலையை ஒருநாள் ஓர் ஆரி ஊசி பொன்னிழையில் எழுதுமாயின், அது பேராக் தமிழரின் கையொப்பமாகும்.